ஒரு ஹால் சிரிக்கும் சத்தம்

என் வீட்டுக்காரரைப் பள்ளிக்கூடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பிள்ளைகளுக்கு அவர் டொக்கு சார். சக வாத்தியார்களுக்கும் டொக்குதான். எதைப் பார்த்தாலும் விரலால் தட்டுவார். மேசை, கதவு, தண்ணீர்க்குழாய், பஸ்ஸில் முன் சீட்டுக் கம்பி, எது கிடைத்தாலும் டொக் டொக். ஒருமுறை முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவருடைய வழுக்கைத் தலைக்குப் பின்னால் இவர் தட்டிக்கொண்டே வர, அந்த ஆள் திரும்பி முறைத்த முறைப்பில் நான் எங்கள் ஸ்டாப்புக்கு முன்பே இறங்கிவிட்டேன். எனக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை என்பது மாதிரி விறுவிறுவென்று நடந்தேன். பின்னாலேயே இறங்கி ஓடிவந்து, "ஏன் இங்கயே இறங்கிட்ட?" என்று கேட்டார். இப்படி ஒரு மனிதர்.

உயர்நிலைப் பள்ளியில் பாட்டு வாத்தியார். அது என்ன உத்தியோகம் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கணக்கு வாத்தியாருக்குப் பாடம் முடியவில்லையா, பாட்டுப் பீரியடை எடுத்துக்கொள். பரீட்சை வருகிறதா, பாட்டுப் பீரியடை எடுத்துக்கொள். மேலதிகாரி யாராவது வருகிறாரா, பாட்டு வாத்தியாரைக் கூப்பிட்டு வரவேற்புப் பாட்டுக்கு ஏற்பாடு செய். இவரும் பல்லை இளித்துக்கொண்டு, "எடுத்துக்கோங்க சார், அதுக்கென்ன" என்பார். கேட்டால் எனக்குத்தான் வயிறு எரியும். அவருக்கு எரியாது. அவருடைய ஆசை வேறு இடத்தில் இருந்தது.

அதைச் சொல்வதற்கு முன் என் சிரிப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். டோக்கன் கூப்பிடுவது, ஃபோன் எடுப்பது, வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு பேச முடியாமல் நிற்கிறவர்களுக்கு அடுத்த தேதி கொடுப்பது. என் சிரிப்பு சின்னச் சிரிப்பு இல்லை. என்னைக் கேட்காமலே கிளம்பும், தெருக்கோடி வரைக்கும் போகும். பல் வலியோடு உட்கார்ந்திருப்பவர்கள் நடுவில் இப்படி ஒருத்தி சிரித்தால் அவர்களுக்கு எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். டாக்டர் எத்தனையோ முறை எச்சரித்திருக்கிறார். இவரை நான் முதலில் பார்த்ததும் அங்கேதான். ஒரு கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. அந்த நிலையிலும் என் மேசையில் தாளம்.

"சார், பல்லு ஆடுதுன்னு வந்துட்டு என் மேசைய ஏன் ஆட்டறீங்க?" என்று கேட்டுவிட்டு, நானே சிரித்துத் தொலைத்தேன்.

அடுத்த வாரம் மறுபடியும் வந்து நின்றார். "இப்ப எந்தப் பல்லு?" என்றேன்.

"பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீங்க சிரிக்கறத இன்னொரு தடவை கேக்கணும்" என்றார். எங்கள் கல்யாணம் அப்படித்தான் முடிவானது.

இப்போது ஆசைக்கு வருகிறேன். இவர் வேலை பார்ப்பது, தான் படித்த அதே பள்ளிக்கூடத்தில். இவர் சிறுவனாக இருந்தபோது அங்கே பெட்டி நாடகம் போட்டார்கள். எங்கள் பக்கத்தில் அதைத் தெரியாத ஆளே கிடையாது. பாட்டும் கூத்துமாகத் தாத்தா காலத்திலிருந்து போட்டுவருகிற நாடகம். ரயிலில் ஒரு நீதிபதியின் பெட்டியும் ஒரு பயில்வானின் பெட்டியும் மாறிவிடும். நீதிபதி கோர்ட்டுக்குக் கிளம்பும்போது திறந்தால் உள்ளே சிவப்பு ஜட்டி. பயில்வான் சண்டைக்குக் கிளம்பும்போது திறந்தால் உள்ளே கறுப்பு அங்கி. பயில்வான் தீர்ப்புச் சொல்லப் போக, நீதிபதி குஸ்தி போடப் போக, நடுவில் நீதிபதியின் மகளுக்கும் பயில்வானின் தம்பிக்கும் காதல், ஆளுக்கொரு பாட்டு. அவ்வளவுதான் கதை. அதில் இவருக்குப் பெட்டி தூக்கிவருகிற போர்ட்டர் வேஷம். வசனமே இல்லை. தூக்கிக்கொண்டு வந்தவர் நிஜமாகவே கால் தடுக்கிக் குப்புற விழுந்துவிட்டார். ஹாலே சிரித்துவிட்டதாம்.

"அடிபட்டதே தெரியல. அந்தச் சத்தம்தான். தகரத்து மேல மழை கொட்டற மாதிரி. எங்கப்பா கூட சிரிச்சாரு. அவரு சிரிச்சு நான் அதுக்கு முன்னாடியும் பாத்ததில்ல, பின்னாடியும் பாத்ததில்ல" என்பார்.

இதை அவர் சொல்லி நான் கேட்டதற்குக் கணக்கே கிடையாது. "தெரியும், அப்பா சிரிச்சாரு, போதும் விடுங்க" என்று எழுந்து போய்விடுவேன். தான் போட்ட நாடகத்துக்கு ஒரு ஹால் அப்படிச் சிரிக்க வேண்டும், அதைத் தன் காதால் கேட்க வேண்டும். இதுதான் ஆசை. இதற்கு மேல் அவர் எதையும் ஆசைப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

வருஷா வருஷம் ஆண்டு விழாவுக்கு அந்த நாடகத்தைப் போடலாமா என்று போய்க் கேட்பார். வருஷா வருஷம், "நேரம் இல்ல சார், ஒரு குரூப் பாட்டு போட்டுக்கோங்க" என்று சொல்லி அனுப்புவார்கள். தொங்கிய முகத்தோடு வீட்டுக்கு வந்து அலமாரிக் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார். இப்படியே இருந்து இருந்து, நாடகம் வருவதற்குள் காது போக ஆரம்பித்துவிட்டது.

முதலில் குக்கர் விசில் கேட்கவில்லை. பிறகு வாசல் மணி. பிறகு நான் கூப்பிடுவது. நான் திமிர் என்று நினைத்தேன். எந்தப் பெண்டாட்டிதான் நினைக்க மாட்டாள்? பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற மனிதருக்குக் காது கேட்கவில்லை என்று யாருக்குத் தோன்றும்? கடைசியில் நான்தான் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். சின்ன வயதுப் பெண். பொறுமையாகப் படம் வரைந்து காட்டினார்.

"நரம்பு வாடிட்டே வருது சார். நிறுத்த மருந்து இல்ல. மெல்லிசான சத்தம் முதல்ல போகும். பெரிய சத்தம் கடைசி வரைக்கும் நிக்கும்."

"பெரிய சத்தம்னா?"

"ரயில், இடி, கூட்டம் போடற சத்தம்."

"ஒரு ஹால் முழுக்க ஒண்ணா சிரிச்சா?"

இது என்ன கேள்வி என்பது மாதிரி டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "கேக்கும் சார். அதுவே கேக்கலன்னா, எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு முடிவு சொன்னார். "ஒரு ஹால் சிரிச்சு எனக்குக் கேக்காத அன்னைக்கு, பாட்டு சொல்லிக்கொடுக்கறத விட்டுடுவேன். காதில்லாதவன் பசங்களுக்குச் சுருதி சொல்லித் தர்றது அநியாயம்." காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி வாங்கினோம். கூட்டத்தில் அது கீச்சென்று கத்தும், அதனால் பெரும்பாலும் சட்டைப் பையில்தான் இருக்கும். வீட்டில் நான் சத்தம் போட்டுப் பேசிப் பேசி, எங்கள் குடும்ப விஷயம் அத்தனையும் மாடி வீட்டுக்காரர்களுக்கு அத்துபடி. பள்ளிக்கூடத்தில் மட்டும் சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகளிடம் எதை மறைக்க முடியும்? அவர்களாகவே அவருக்கு எதிரில் வந்து, வாயை நன்றாகத் திறந்து பேச ஆரம்பித்தார்கள். யாராவது சுருதி தப்பினால் பக்கத்தில் இருக்கிற பிள்ளை கையைத் தூக்கும். ஒரு பிள்ளைகூட வெளியே மூச்சு விடவில்லை.

இந்த வருஷம் பழைய மாணவர்கள் சிலர் வந்து, ஹாலுக்குப் புது விளக்குகளும் மைக்கும் போட்டுக்கொடுத்தார்கள். "நம்ம காலத்துல போட்ட மாதிரி பழசா ஏதாவது போடுங்களேன்" என்று அவர்களே கேட்டார்கள். தலைமை ஆசிரியை இவரைக் கூப்பிட்டுச் சம்மதம் சொல்லிவிட்டார். நல்ல மனுஷி. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆற்றாமை இருந்திருக்காது, நாலு வார்த்தை திட்டிவிட்டு ஆறியிருப்பேன். அவர் போட்ட ஒரே நிபந்தனை, "அந்த ஜட்டி மட்டும் வேணாம் சார், பெத்தவங்க வர்றாங்க." அரை மணி நேரம் வாதாடி, முட்டி வரைக்கும் வருகிற சிவப்பு டவுசர் என்று சமாதானம் ஆனது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சாப்பாட்டுத் தட்டில் தட்டிய தட்டில் குழம்பு என் மேல் தெறித்தது.

ஒத்திகை ஆரம்பித்தது. இங்கேதான் இவருடைய பாட்டு வாத்தியார் புத்தி வேலை செய்தது. பழைய நாடகப் பிரதியில் சில இடங்களில் "சிரிப்புக்கு நிறுத்தவும்" என்று போட்டிருக்கும். வேறு யாராக இருந்தாலும் பிள்ளைகளிடம், "அங்க கொஞ்சம் இடம் விடுங்க, சிரிக்கலன்னா மேல போங்க" என்று சொல்லியிருப்பார்கள். இவர் அதையும் தாளத்தில் சேர்த்துவிட்டார்.

"சிரிப்பு எழும்பும், உச்சிக்குப் போகும், அப்புறம் அடங்கும். அடங்கறப்பதான் வாயத் திறக்கணும். முன்னாடி திறந்தீங்க, நாடகம் செத்துச்சு. அதுவரைக்கும் நான் கீபோர்டுல அதே ரெண்டு வரியச் சுத்திட்டே இருப்பேன். நீங்க பேச ஆரம்பிச்சா நானும் நிறுத்துவேன்" என்று பிள்ளைகளுக்கு உரு ஏற்றினார்.

"சிரிக்க ஆளில்லாம எப்படிங்க பழகுவாங்க?" என்று நான் சும்மா இருக்காமல் கேட்டுவைத்தேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அப்படித்தான். மறுநாளிலிருந்து பல் ஆஸ்பத்திரி முடிந்ததும் நேராகப் பள்ளிக்கூட ஹால். முதல் வரிசையில், கீபோர்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி. காலியான ஹாலில் நான் ஒருத்தி உட்கார்ந்து, நிறுத்தம் வருகிற இடத்திலெல்லாம் சிரிக்க வேண்டும்.

முதலில் நிஜமாகவே சிரித்தேன். நீதிபதி வேஷம் போட்டது ஒரு பெண். தொண்டையைத் திறந்தால் மைக்கே வேண்டாம், அதனால் பிள்ளைகள் அவளைச் சைரன் என்று கூப்பிடுவார்கள். ஒட்டு மீசையோடு வந்து, பெட்டியைத் திறந்து, அந்தச் சிவப்பு டவுசரை இரண்டு விரலால் செத்த எலியைத் தூக்குகிற மாதிரி தூக்கி, "கனம் கோர்ட்டார் அவர்களே!" என்று ஆரம்பிப்பாள் பாருங்கள், எனக்கு நாற்காலியிலிருந்து விழாத குறை. ஆனால் அதையே திரும்பத் திரும்ப எத்தனை நாள் பார்ப்பது? போகப் போக எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயிற்றை எக்கி, தோளைக் குலுக்கி, வரவழைத்துத்தான் சிரித்தேன்.

"இன்னும் கொஞ்சம் நீட்டு. ஹால் சிரிக்கறப்ப இவ்வளவு சீக்கிரம் அடங்காது" என்பார் இவர்.

என் சிரிப்பைக் கேட்கவென்றே கல்யாணம் பண்ணிக்கொண்ட மனிதர், எனக்கே சிரிக்கச் சொல்லித் தந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். பிள்ளைகளோ அதற்குள் பழகிவிட்டார்கள். என் சிரிப்பு எழுந்து அடங்குகிற வரைக்கும் சிலை மாதிரி நிற்பார்கள், அடங்கிய கணத்தில் அடுத்த வரி கச்சிதமாக வரும். இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

நாடக நாள். ஹால் நிரம்பி வழிந்தது. எனக்கு வைத்திருந்த முதல் வரிசை நாற்காலியில் சிறப்பு விருந்தினரின் மச்சினியோ யாரோ உட்கார்ந்திருந்தார். விளையாட்டு வாத்தியார் ஓடிவந்து, "அக்கா, நீங்க நம்ம ஆளுதானே, கொஞ்சம் பின்னாடி" என்று என்னைக் கடைசி வரிசையில், கதவோரம் கொண்டுபோய் உட்கார வைத்தார். சரி, இன்றைக்குத்தான் ஹால் முழுக்க ஆள் இருக்கிறதே, என் சிரிப்பு யாருக்கு வேண்டும் என்று நானும் நிம்மதியாக உட்கார்ந்தேன். இவர் மேடைக்குக் கீழே கீபோர்டு முன்னால் இருந்தார். பக்கத்திலேயே டிரம் வாசிக்கிற பையன்.

திரை விலகுவதற்கு முன் தலைமை ஆசிரியை மைக்கைப் பிடித்தார். "போன வருஷம் வீடியோல வெளிச் சத்தம் நிறைய வந்துடுச்சுன்னு நிறைய பேரன்ட்ஸ் வருத்தப்பட்டீங்க. அதனால எல்லாரும் தயவுசெஞ்சு அமைதியா இருந்து, வீடியோ எடுக்கறவங்களுக்கு ஒத்துழைப்பு குடுங்க" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஹால் முழுக்கக் கை உயர்ந்தது. ஒவ்வொரு கையிலும் ஒரு போன். பின்னாலிருந்து பார்த்தால் மேடை தெரியவில்லை, சின்னச் சின்னதாக நூறு மேடை தெரிந்தது.

முதல் பாட்டு நன்றாகப் போனது. சைரன் மீசையோடு வந்தாள். பெட்டியைத் திறந்தாள். டவுசரைத் தூக்கினாள். "கனம் கோர்ட்டார் அவர்களே!" என்றாள். நின்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பு வராமல் இல்லை, எனக்கு முன்னால் இருந்த அம்மாவின் முதுகு குலுங்கியது, கண்ணால் பார்த்தேன். ஆனால் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மறு கையால் போனை ஆடாமல் பிடித்திருந்தார். சிரித்தால் போன் ஆடும், சிரிப்பும் வீடியோவில் விழும். ஹால் முழுக்க அப்படித்தான். சைரன் நின்றுகொண்டே இருந்தாள். சிரிப்பு அடங்கினால்தானே அவள் பேசலாம்? ஆரம்பிக்காத சிரிப்பு எப்படி அடங்கும்? அவள் பேசாததால் இவர் கீபோர்டில் அந்த இரண்டு வரியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். ஹாலைத் திரும்பிப் பார்த்தார். ஒரு முகம் தெரிந்தால்தானே, எல்லாம் போனுக்குப் பின்னால் இருந்தது. பிள்ளை பேசாமல் நிற்கிறதே, அப்படியானால் ஹால் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்து, இன்னும் உற்சாகமாகச் சுற்றினார். அவர் சுற்றச் சுற்ற, டவுசரைத் தூக்கிப் பிடித்த அந்தப் பெண்ணின் கை மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. கடவுளே, இதை யாராவது நிறுத்துங்களேன் என்றிருந்தது.

நான் சிரித்தேன். கடைசி வரிசையிலிருந்து, எவ்வளவு சத்தமாக முடியுமோ அவ்வளவு சத்தமாக, அவர் சொல்லித் தந்த மாதிரியே நீட்டிச் சிரித்தேன். அடக்கினேன். சைரன் அடுத்த வரியைப் பிடித்துக்கொண்டாள். நாடகம் நகர்ந்தது.

அடுத்த நிறுத்தம். மறுபடி அமைதி. மறுபடி நான். அதற்கடுத்தது. மறுபடியும் நான். வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. பக்கத்து வரிசையிலிருந்த ஓர் அப்பா பொறுக்க மாட்டாமல் என் பக்கம் சாய்ந்தார்.

"ஏம்மா, கொஞ்சம் சும்மா இருக்க மாட்டீங்களா? என் பொண்ணு பாடறா, வீடியோ பூரா உங்க சிரிப்புதான் விழுது."

"காமெடி நாடகம்ங்க இது. சிரிக்கத்தான் போட்டிருக்காங்க" என்றேன்.

"வீட்டுக்குப் போய் சிரிச்சுக்கறோம்மா நாங்க" என்றார் அவர், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் போனைப் பிடுங்கி வெளியே எறிந்திருப்பேன். ஆனால் அடுத்த நிறுத்தம் வந்துவிட்டது, சிரிக்க வேண்டியிருந்தது. அழுகையை அடக்கிக்கொண்டு சிரிப்பது என்று கதையில் எழுதுவார்கள். அது அப்படி ஒன்றும் அழகாக இருக்காது. தொண்டை வறண்டு, அடிவயிறு வலித்து, நாய் குரைப்பது மாதிரிதான் வந்தது. பயில்வான் தீர்ப்புச் சொல்கிற இடம், நீதிபதியைக் குஸ்தி மேடையில் தூக்கிப் போடுகிற இடம், எல்லாவற்றுக்கும் நான் ஒருத்தியே சிரித்துக் கரை சேர்த்தேன். முடிவுப் பாட்டுக்கு டிரம் பையன் வெளுத்து வாங்கினான். திரை மூடுகிற வரைக்கும் அது ஓயவில்லை. கைதட்டல் என்று பெரிதாக இல்லை, ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு எப்படித் தட்டுவது? இருந்த கொஞ்சமும் டிரம்மில் அமுங்கியது. பெற்றவர்கள் அவரவர் பிள்ளையோடு படம் எடுக்க மேடையை மொய்த்தார்கள்.

நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு மேடைக்குப் பின்னால் போனேன். வேஷம் கலைக்காத பிள்ளைகள் நடுவில் இவர் நின்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "சிரிச்சாங்களா?" என்று கேட்டார்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் யாரிடமும் பேசி வைக்கவில்லை. சைரன்தான் முதலில் வாயைத் திறந்தாள். பாதி மீசை பிய்ந்து தொங்கியது.

"செம சிரிப்பு சார். நான் நின்னுட்டே இருந்தேனே பாக்கலையா? அடங்கவே இல்ல சார்."

உடனே மற்ற பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். "ஆமா சார், பின்னாடி ஒருத்தர் சேர்லேந்து விழுந்துட்டாரு சார்!" "எங்கம்மா அழுதே சிரிச்சாங்க சார்!" இவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். "கூரை பிச்சுக்கிட்டுப் போச்சு" என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஏதோ ஒன்று குறைந்தது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அப்பாடா, தப்பித்தோம் என்றுதான் இருந்தது.

அதற்குப் பிறகு வந்த விடுமுறை நாட்களில் அவர் அமைதியாக இருந்தார். ஆசை தீர்ந்த மனிதர், அப்படித்தான் இருப்பார் என்று நினைத்தேன். வீடு ஏன் இவ்வளவு நிசப்தமாக இருக்கிறது என்று யோசித்தபோதுதான் தெரிந்தது, அவர் எதையுமே தட்டவில்லை.

திங்கட்கிழமை காலை அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து போய், கீபோர்டைப் பழைய போர்வையால் மூடி, ஒயரைச் சுருட்டிக் கட்டிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அவசரமில்ல, மெதுவா போடு. இன்னைக்கு கிளாஸ் எடுக்கப் போகல. மேடத்தப் பாத்து நிறுத்திக்கறேன்னு சொல்லிட்டு வந்துடறேன்."

"என்னத்த நிறுத்திக்கறீங்க?"

"காது போச்சு" என்றார். பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னார். "அவ்வளவு பேரு சிரிச்சிருக்காங்க. எனக்கு ஒண்ணுமே கேக்கல. ஒவ்வொரு இடத்துலயும் இப்ப வரும், இப்ப வரும்னு காத்திருந்தேன். டிரம் கேட்டுச்சு, அதுவும் பக்கத்துல இருந்ததால. நீ சிரிக்கறது மட்டும் எங்கயோ தூரத்துல கேட்ட மாதிரி இருந்துச்சு. அது பழக்கம். ரிகர்சல்ல கேட்டுக் கேட்டு, மனசே போட்டுக்கற சத்தம்." பிறகு, "பரவாயில்ல, சிரிச்சாங்கல்ல" என்றார்.

என் கை அப்படியே நின்றது. சட்டை தீய்ந்துவிடுமே என்று இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து, ஸ்விட்சை அணைத்தேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், இருக்கிற காதை இல்லை என்று நம்பி, செய்ய முடிகிற வேலையை விட்டுவிட்டு வந்து இப்படியே உட்கார்ந்திருப்பார். வாயைத் திறந்தால், அவருக்கு வாழ்நாளில் கிடைத்த அந்த ஒன்றும் போய்விடும். இரண்டில் எதைப் பிடுங்குவது? யாரைப் போய்க் கேட்பது? எனக்கு அந்த நிமிஷம் அந்தப் போன்காரர்கள் மேல் கூடக் கோபம் வரவில்லை. பயமாக மட்டும் இருந்தது. ஆனாலும் மனசின் ஓரத்தில் ஒரு கணக்கு ஓடியது. காது இருக்கிறது என்று தெரிந்தால் இன்னும் கொஞ்ச காலத்துக்கு எழுந்து நடமாடுவார், அது போதும் என்று.

அவர் எதிரில், என் வாய் தெரிகிற மாதிரி போய் நின்றேன். கத்தவில்லை.

"யாரும் சிரிக்கல."

"என்ன?"

"ஹால்ல யாரும் சிரிக்கல. எல்லாரும் வீடியோ எடுத்துட்டு இருந்தாங்க. கடைசி வரிசையில நான் ஒருத்திதான் சிரிச்சேன். உங்களுக்குக் கேட்டது நிஜம். உங்க காது இன்னும் இருக்குங்க."

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "பசங்க சொன்னாங்களே" என்றார்.

"உங்களுக்காகச் சொன்னாங்க."

"ஒருத்தர் கூடவா?"

"ஒருத்தர் கூட இல்ல."

சந்தோஷப்படுவார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த முகம் அப்படிச் சுருங்கும் என்றும் நினைக்கவில்லை.

"நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றார். "காது போனா போகட்டும்னு மனசத் தேத்தி வச்சிருந்தேன். ஹால் சிரிச்சுச்சு, எனக்குத்தான் கேக்கலன்னு. அது எவ்வளவோ மேல்."

மாடி வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அவர் எழுந்து கையை நீட்டினார். பாதி இஸ்திரி போட்ட சட்டையை எடுத்துக் கொடுத்தேன். பொத்தான்களை மெதுவாகப் போட்டுக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, கிளாஸ் எடுக்கப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினார். காதுதான் இருக்கிறதே, இனிப் போகாமல் இருக்க அவரிடம் ஒரு காரணமும் இல்லை.